தலை கடைசியில்தான் வர வேண்டும்

என் அப்பா கொடைக்கானல் ஏரியில் முப்பது ஆண்டுகள் துடுப்புப் போட்டவர். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டி இந்த ஏரியை உண்டாக்கியதையும், முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்ததையும் தம் வீட்டுக் கதையைப் போலச் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வார். அவர் படகு ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. அதை அவர் தம் மானமாக நினைத்தார். "எழுந்திருக்காதீர்கள் அம்மா, பிள்ளையை நடுவில் உட்கார வையுங்கள்" என்று ஒவ்வொரு சவாரியிலும் சொல்வார்.

அவருடைய மகனான நான் பதினாறு ஆண்டுகள் ஆடியதோ, எதிராளியின் படகைக் கவிழ்க்க விதியே இடம் கொடுக்கும் ஆட்டம்.

சிங்கப்பூரில் ஒரு நீர் விளையாட்டு மையத்தில் படகு பழுதுபார்க்கும் வேலைக்குப் போயிருந்தேன். சின்னப் படகில் உட்கார்ந்து பந்தைக் கோலுக்குள் எறியும் ஆட்டமான கயாக் போலோவின் படகுகள்தான் அடிக்கடி உடைந்து வரும். மூன்று மீட்டருக்கு மிகாத சின்னப் படகுகள் அவை. முட்டினால் அடிபடாமலிருக்க இரு முனையிலும் மெத்தை வைத்திருப்பார்கள். இருந்தும் விளிம்பு பிளந்திருக்கும். ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்டித் தேய்த்து அனுப்புவேன்; அடுத்த வாரம் அதே படகு வேறோர் இடத்தில் பிளந்து வரும். என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு மாலை பார்க்கப் போனேன். அன்று ஓர் ஆள் குறைந்தது. முகக் கம்பி வைத்த ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார்கள்.

அணிக்கு ஐந்து பேர். 35 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலமுள்ள நீர்ப்பரப்பு. கோல் சட்டம் தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே தொங்கும். பந்து கையில் வந்தால் ஐந்து விநாடிகளுக்குள் விட்டுவிட வேண்டும். அதற்குள் எதிராளி விரித்த உள்ளங்கையால் உங்கள் தோளில் தள்ளலாம். தள்ளினார்கள். நான் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனேன்.

நீச்சல் தெரிந்தவன்தான். ஆனாலும் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயோடு இறுக்கிய உறையைக் கழற்றத் தெரியாமல் தவித்த அந்த நேரம் எனக்கு மறக்கவில்லை. காதுக்குள் தண்ணீரின் இரைச்சல். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. யாரோ என் படகைப் புரட்டி நிமிர்த்தினார்கள்.

கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்தும் ரோலைப் பழக எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. மூச்சுக்குத் தவிக்கிறவன் முதலில் தலையைத்தான் வெளியே நீட்டுவான். அங்கேதான் தவறு. தலையைத் தூக்கினால் உடலின் பாரமெல்லாம் தவறான பக்கம் விழுந்து, படகு மறுபடியும் சாயும். இடுப்பைச் சுண்டிப் படகை முதலில் நிமிர்த்த வேண்டும். பிறகு உடம்பு, கடைசியில்தான் தலை. காற்று ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தும் தலையைத் தண்ணீரிலேயே விட்டுவைக்க உடம்பைப் பழக்குவதுதான் பாடு. பிறகு துடுப்பில்லாமல் ஒரு கையாலேயே எழவும் கற்றேன். அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "படகைக் கவிழ்க்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவரிடம் இந்த ஆட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வலது தோள் இரண்டு முறை மூட்டு விலகியது. ஊருக்குத் திரும்பினேன்.

இப்போது தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தின் தண்ணீர்த் தேக்கத்தில் ஏழு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். பழைய படகுகள் இரண்டு, மூங்கிலில் கட்டிய கோல் ஒன்று. இதை வைத்து ஆட்டம் நடத்த முடியாது, பயிற்சி மட்டும்தான். இந்த ஆட்டத்துக்கு 1994-லிருந்து உலகச் சாம்பியன் போட்டி நடக்கிறது என்பேன். ஒலிம்பிக்கில் உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் பிள்ளைகளை அனுப்பிவைக்கிறவர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

போன சித்திரையில் அப்பாவையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். முதல் பெண் கவிழ்ந்ததுமே எழுந்து நின்றுவிட்டார். பக்கத்திலேயே இடுப்பளவுத் தண்ணீரில் நான் நிற்கிறேன் என்று சொல்லியும் உட்காரவில்லை. அவள் தலையைத் தூக்கினாள், படகு சாய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மறுபடி எப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றார்.

மூன்றாம் முறை அவள் கவிழப்போகும்போது, ஏரியில் முப்பது ஆண்டுகள் ஒலித்த அதே குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"தலையைத் தூக்காதே பாப்பா!"