சிலோன் கூறு

அப்பாயி முடிந்து வைத்த காசு ஐம்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் கிடந்தது. மஞ்சள் துணி வெளுத்து, தொட்டால் இழை பிரியும் பதத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு சிலோன் ரூபாய். 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறும் முன்னால் முடிந்தாளாம். "ரெண்டு வீட்டுச் சனமும் ஒண்ணாப் போயி வீரப்பூருல பொங்கல் வச்சு, ஆத்தா உண்டியல்ல போடணும்." இதுதான் வேண்டுதல். மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் இருக்கும் பெரியக்காண்டி அம்மன்தான் அந்த ஆத்தா.

ஒருமுறை அப்பா, "வீரப்பூர் என்ன அடுத்த தேசத்துலயா இருக்கு? நாம மட்டும் போய்ப் போட்டுட்டு வந்துடலாம்" என்றார். அப்பாயி இரண்டு நாள் சோறு தொடவில்லை. "பாதி வீட்டைக் கூட்டிட்டுப் போனா, மீதி எங்கடின்னு பெரியக்காண்டி கேப்பா" என்று ஒரே பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தோடே 2009இல் போய்ச் சேர்ந்தாள்.

மீதி வீடு இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் இருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த எங்கள் சனத்தைப் பிரித்தார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய அண்ணனுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. தோட்டத்து வரிசை வீட்டை லயம் என்போம்; ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். தாத்தா வீடு கோச்சி (ரயில்) ஏறி, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் பந்தலூரில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 83 கலவரத்துக்கு அப்புறம் கடிதமும் நின்றுபோனது.

கூடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தவர், பெரிய தாத்தா இருந்த அதே தோட்டத்து ஆள். இதை ஆத்தா செயல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அவர் தன் மச்சான் நம்பரைக் கொடுத்தார், மச்சான் இன்னொரு நம்பரைக் கொடுத்தார். மூன்றாவது நம்பரில் பெரிய தாத்தாவின் மகன், என் பெரியப்பா, எடுத்தார். என் பேரைச் சொன்னதும், "அந்தக் காசு இருக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

சரி, ஆள் கிடைத்தாயிற்று. பங்காளிகள் எந்த ஊர்? கோயில் தெரியும், யாரோடு நின்று பொங்கல் வைப்பது என்று தெரியாது. மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையில் பூர்வீக ஊரை இங்கிலீஷில் எழுதியவருக்கு என்ன அவசரமோ, அதை வாசித்தால் மணப்பாறை வட்டாரத்தில் நாலு ஊருக்குப் பொருந்தியது. பெரியப்பாவின் பிறப்புச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பேர், பிறந்த இடம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. வெறும் கோடு இழுத்திருந்தார்கள். அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, காகிதத்தைக் காட்டு என்று 1948இல் சட்டம் போட்டுத்தானே எங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்தது அப்பாயி சொன்ன ஒரே அடையாளம். அவளுக்கு அவள் மாமியார் சொன்னது. நம்ம ஊர் வாசலில் நின்று பார்த்தால் வீரமலை படுத்த மாடு மாதிரித் தெரியும். நாலு ஊருக்கும் பைக்கில் போய் நின்றேன். இரண்டு ஊரில் வெறும் மலைதான். ஒன்றில் மலையே மறைந்துவிட்டது. நாலாவது ஊரில் திமில் தெரிந்தது.

திண்ணையில் இருந்த பெரியவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார். "அப்பன் பேரென்ன? பாட்டன் பேரென்ன? அதுக்கு மேல?" அதுக்கு மேலேயும் சொன்னேன். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு சிலோனுக்குப் போனவர் பேர் வந்ததும், எழுந்து உள்ளே போய்ச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். போனவர் அவருடைய பாட்டன் கூடப் பிறந்த தம்பியாம். ஊர்ப் பேரை இங்கே எழுத வேண்டாம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

இந்த மாசித் திருவிழாவுக்குப் பெரியப்பா, பெரியம்மா, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் எல்லாரும் கொழும்பிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கினார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தபோது இருவருக்கும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. விமான நிலைய வாசலில் இரண்டு வழுக்கைத் தலைகளும் ஒன்றையொன்று பார்த்து, "நீதானாடா?" என்றன.

வீரப்பூர்க் கூட்டத்தைப் பற்றிப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நிறுத்த 200 ரூபாய் கேட்ட ஆள், ரசீது கேட்டதும் 100க்கு இறங்கினான். பானை, விறகு, பூசைச் சாமான் எல்லாம் சேர்த்து 'செட்' என்று ஒருத்தர் சொன்ன விலையில் எங்கள் தோட்டத்தில் இரண்டு நாள் கொழுந்து பறிக்கலாம். தலைக்கு 300 கொடுத்தால் சீக்கிரம் உள்ளே விடுவதாக இன்னொருவர் காதோரம் வந்தார். பெரியம்மா அவரைப் பார்த்து, "அம்பது வருசம் நின்னுட்டோம், இன்னும் மூணு மணி நேரம் நிக்க மாட்டமா?" என்றார். மலைக்குளிரில் வளர்ந்த உடம்புகள், மாசி வெயில் தாங்கவில்லை. பெரியப்பாவுக்கு முட்டிவலி வேறு. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். பானை பொங்கியபோது பெரியம்மா போட்ட குலவையில் பக்கத்து அடுப்புக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சன்னதிக்கு எதிரே வந்தபோது பூசாரி, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார். வீட்டில் எல்லார் பேரையும் நட்சத்திரத்தோடு எழுதி எடுத்து வந்திருந்தோம். சீட்டு பெரியப்பா சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை. தன் பாட்டன் பேரைச் சொன்னார். அப்புறம் தன் அப்பா பேர், எங்கள் தாத்தா பேர், அப்பாயி பேர். "உசுரோட இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்கய்யா" என்றார் பூசாரி. பெரியப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை. லயத்தில் குளிரில் செத்த ஒரு அத்தை பேரைச் சொன்னார், அப்படி ஒருத்தி இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பின்னால் வரிசை கத்துகிறது. யாரோ என் முதுகில் கையை வைத்துத் தள்ளுகிறார்கள். பூசாரி ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், அவர் சொன்ன பேர்களையே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பூவைப் போட்டார். ஆத்தா முகத்தை நான் அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். மஞ்சள் காப்பில், தீபத்துக்குப் பின்னால், ஊருக்குப் போன பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி. கை கூப்பக்கூடத் தோன்றாமல் நின்றேன். உண்டியலுக்கு வந்தபோது முடிச்சு அவிழவில்லை. துணியோடே போட்டோம், அப்பா ஒரு விரல், பெரியப்பா ஒரு விரல்.

இரவு உடுக்கடிப் பாட்டு, பொன்னர் சங்கர் கதை. பெரியப்பா தோட்டத்துப் பொன்னர் சங்கர் கூத்தில் சங்கர் வேசம் கட்டியவர். பாடுகிறவர் வாய் திறக்கும் முன்பே அடுத்தது என்ன என்று இவர் சொல்லிவிடுகிறார். கடல் கடந்து போன கதை அங்கே அப்படியே இருந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "இங்க கொஞ்சம் மாத்திட்டாங்க" என்று அவருக்கு வருத்தம்.

மறுநாள் பங்காளிகள் ஊர்ச் சின்னக் கோயிலில் கிடா. கறியைக் கூறு போடும்போது எண்ணினேன், ஏழு கூறு. வீடு ஆறுதான். கேட்டதற்கு, "ஏழாவது சிலோன் கூறு" என்றார் திண்ணைப் பெரியவர். அவர் பாட்டன் காலத்திலிருந்து போடுகிறார்களாம். வாங்க ஆள் இல்லாததால், அந்த வருடம் ஆம்பளை இல்லாத வீடு எதுவோ அதற்குப் போய்விடும். பெரியவர் இலையோடு தூக்கி, "சிலோன் வீட்டுக்காரவுக வாங்க" என்று கூப்பிட்டார். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். அப்பாவும் ஓடிப்போய்க் கீழே தன் கையைக் கொடுத்தார்.

தாயே, என்ன சொல்லி உன்னைக் கும்பிடுவது? அப்பாயி பார்த்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. அவள் பேரையும் பூசாரி சொன்னாரே, கேட்டிருப்பாள். நாலு ஊரில் எனக்கு மலையைக் காட்டியவளும் நீதான், எதிர் இலையில் ஆளை உட்கார வைத்தவளும் நீதான்.

பெரியப்பாவின் தங்கை குடும்பம் ஒன்று 77 கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போனது. அவர்களைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. திருச்சியில் விமானம் ஏறப் போகும்போது பெரியப்பா பத்து ரூபாய் இலங்கைக் காசு ஒன்றைப் புது மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் வைத்தார். "மூணு வீடும் சேர்ந்து வரணும்" என்றார்.