கொடை ராத்திரி வில்லுப்பாட்ட டிவிஆர்ல இருந்து முழுசா எடுத்த கதை

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல பூதப்பாண்டி பக்கம். இசக்கியம்மன் கோயில் கொடை, அதான் கோயில் திருவிழா, பங்குனியில நடந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வில்லு ஆரம்பிச்சு, வெளுக்கப் போற நேரம் வரைக்கும் போச்சு. வீடியோக்காரரு தீபாராதனை, சாமியாட்டம் எல்லாம் நல்லா எடுத்தாரு, வில்லுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னுட்டு படுக்கப் போயிட்டாரு. அவரக் குத்தம் சொல்ல முடியாது, கமிட்டி பேசினதே அவ்வளவுக்குத்தான்.

கொடை முடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு அந்த வில்லப் பாடின புலவர் போன் பண்ணினாவ. அன்னைக்கு நீலி கதைய, அதான் கொன்னவனப் பழிவாங்க பழையனூருக்கு வந்த பேயோட கதைய, முழுசா பாடியிருக்காவ, இப்பல்லாம் எந்தக் கமிட்டியும் முழுசா பாட விடறதில்லையாம், பன்னெண்டு மணிக்கு மேல கச்சேரி இருக்கு சுருக்கிக்கிடுங்கன்னு சொல்லிருவாவளாம். "தம்பி, பேத்திக்கு சொல்லிக் குடுக்கணும், யாராவது முழுசா புடிச்சிருக்காவளான்னு கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டாவ. ஊர்ல உள்ளவன் போன்ல எல்லாம் ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம் துண்டுதான் கிடந்துச்சு. அப்பதான் உண்டியல் பக்கம் இருக்குற சிசிடிவி கேமரா நேரா வில்லு மேடையப் பாத்துதான் நிக்குதுன்னு ஞாபகம் வந்துச்சு, அதுல ஒரு சின்ன மைக்கும் உண்டு, உண்டியல ஆராவது நோண்டினா சத்தம் கேக்கணும்னு வச்சது.

முதல்ல கணக்கு போட்டுப் பாத்தேன், ஏன்னா டிவிஆர், அதாவது கேமரா படத்த எல்லாம் சேத்து வைக்குற பெட்டி, பழசை அழிச்சு அழிச்சுதான் புதுசை எழுதும். ஆறு கேமரா, எல்லாம் ரெண்டு மெகாபிக்சல், செட்டிங்க்ல பிட்ரேட் (ஒரு செகண்டுக்கு எழுதுற டேட்டா அளவு) 2048 கேபிபிஎஸ்னு கிடக்கு. அப்படின்னா ஒரு கேமராவுக்கு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 900 எம்பி, ஆறுக்கும் ஒரு நாளைக்கு 130 ஜிபி கிட்ட வரும். உள்ள கிடக்கது 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏழு நாளுக்கு மேல சொச்சம்தான் தாங்கும். நிறைய பேரு டிவிஆர்ல ஒரு மாசம் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது டிஸ்க் சைஸையும் பிட்ரேட்டையும் பொறுத்தது, எங்களுக்கு அந்த ஏழு நாள்லயே பாதிக்கு மேல போயாச்சு.

டிவிஆர நிறுத்திப் போட்டா அழியாது. ஆனா கொடை முடிஞ்ச கையோட உண்டியல் இன்னும் எண்ணல, அதனால தலைவர் மாமா "அதெல்லாம் நிறுத்தாண்டாம் மக்கா, அஞ்சு நிமிஷம் கூட விடமாட்டேன்"ன்னுட்டாவ. சரி, ஆறு கேமராவுல பந்தி நடக்குற இடம், செருப்பு விடுற இடம், பின்பக்கத் தெரு மூணுக்கும் ரெக்கார்டிங்க ஆஃப் பண்ணிக்கிடலாம்னு ஒத்துக்கிட்டாவ. அது பண்ணினாலே அழியுற வேகம் பாதியா குறைஞ்சிரும். ஆனா அதுக்கும் பாஸ்வேர்டு வேணும். கேமரா மாட்டின பையன் இப்ப சவுதியில. பேட்டர்ன் லாக்கும் தெரியாது, ரீசெட் பண்ண க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணினா கோடு அவன் மெயிலுக்குத்தான் போவுது. ராத்திரி ட்யூட்டி முடிஞ்சு வந்து வாட்ஸ்அப்ல கூப்பிட்டான், நல்ல பையன், கோடு சொன்னான், கூடவே "அண்ணே முதல்ல டைம செக் பண்ணுங்க, அது முன்ன பின்ன ஓடும்"னும் சொன்னான். அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

டைம் எப்படி பாக்கணும்னா, டிவிஆர் மானிட்டர்ல ஓடுற மணிய, உங்க போன் மணியும் தெரியுற மாதிரி பக்கத்துல வச்சு இன்னொரு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. எங்களது பதினஞ்சு நிமிஷம் கிட்ட முன்னாடி ஓடுது. பத்து மணி வில்லத் தேடினா பத்தேகாலுக்குப் பக்கத்துலதான் கிடைக்கும். அப்புறம் ராத்திரி நிகழ்ச்சின்னா இன்னொரு விஷயம், தேடுற பக்கத்துல ஒரு தேதிதான் செலக்ட் ஆவும், பன்னெண்டு மணிக்கு மேல உள்ளது மறுநாள் தேதியில கிடக்கும். வெள்ளிக்கிழமைய மட்டும் எடுத்துட்டு முடிஞ்சுதுன்னு எந்திரிச்சா நீலி பழையனூருக்கே வந்திருக்க மாட்டா.

முதல்ல எல்லாரும் செய்யுற மாதிரி பென்டிரைவ்தான். 64 ஜிபி பென்டிரைவ் எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மேட்ல இருந்துச்சு, டிவிஆருக்கு அது கண்ணுலயே படல. டிவிஆர்லயே ஃபார்மேட் பண்ணினதும் எடுத்துக்கிட்டு, ஆனா அது ஃபேட்32 ஆக்கிரும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. ஏழு மணி நேரம் ஒரு கேமராவுக்கு ஆறு ஆறரை ஜிபி வருது, அதனால தானாவே துண்டு போட்டுத்தான் எழுதும். துண்டா வந்தா பரவாயில்ல, முழுசா வரணுமே. எங்களுக்கு பாதியில "பேக்கப் ஃபெயில்டு"னு வரும், ஏன்னு சொல்லாது. ரெக்கார்டிங்கும் ஓடிக்கிட்டே இருக்கு, பழைய யூஎஸ்பி 2 போர்ட்டு, மின்விசிறி இல்லாத இரும்பு அலமாரிக்குள்ள டிவிஆர் கொதிக்குது, எதனாலன்னு யாருக்குத் தெரியும். அலமாரிக் கதவத் திறந்து வச்சு, ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமா தனித்தனியா செலக்ட் பண்ணினா போவுது. முழு ராத்திரியையும் ஒரே டிக்குல கேட்டா போவல.

இதுக்கு நடுவுல எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் "ஹார்ட் டிஸ்க்க கழட்டி லேப்டாப்ல மாட்டி காப்பி பண்ணிரலாம்லா"ன்னு நின்னான். பண்ணாதீங்க. டிவிஆர் டிஸ்க்ல நிறைய மாடல்கள்ல அதோட சொந்த முறையிலதான் எழுதி வச்சிருக்கும், விண்டோஸுக்கு அது புரியாது, "இந்த டிஸ்க்க ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேக்கும். நம்ம ஊர்ல அந்த மாதிரி கேள்விக்கு ஓகேன்னு அமுக்குற கை நிறைய உண்டு.

கடைசியில நெட்வொர்க் வழிதான் சரியா வந்துச்சு. டிவிஆர் பின்னாடி இருக்குற லேன் சாக்கெட்டுல இருந்து ஒரு கேபிள நேரா லேப்டாப்புக்கு போட்டாச்சு, ரூட்டர் ஒண்ணும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். டிவிஆர் நெட்வொர்க் செட்டிங்க்ல 192.168.1.108னு இருந்துச்சு, லேப்டாப்ல ஐபிய கையால 192.168.1.50, சப்நெட் 255.255.255.0ன்னு போட்டதும் ரெண்டும் பேசிக்கிட்டு. பிரவுசர்ல திறந்தா லாகின் வருது, ஆனா பிளேபேக் பக்கம் பழைய பிளகின் கேக்குது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன்லயே மூடிட்டாவ, அதனால எட்ஜ்ல ஐஇ மோடுனு ஒண்ணு உண்டு, அத ஆன் பண்ணித்தான் திறக்கணும். அதுக்குப் பதிலா டிவிஆர் கம்பெனியோட பிசி சாஃப்ட்வேர போட்டுட்டேன், டவுன்லோட் லிஸ்ட்ல எல்லா மணி நேரத்தையும் வரிசையா போட்டுட்டு கோயில் திண்ணையில உக்காந்தாச்சு. மெயின் ஸ்ட்ரீமா சப் ஸ்ட்ரீமான்னு கேக்கும், மெயின் குடுங்க, சப்ல படம் தபால்தல சைஸுக்குத்தான் இருக்கும். லேப்டாப் தூங்கிராம இருக்க ஸ்லீப்ப ஆஃப் பண்ணி, சார்ஜர மாட்டிருங்க. ஒரு டீ குடிச்சுட்டு, தலைவர் மாமா கூட உண்டியல் கதையும் பேசி முடிக்குறதுக்குள்ள எல்லாம் வந்துட்டு.

வந்த ஃபைல் பேரு எல்லாம் டிஏவின்னு (.dav) முடியும். விஎல்சியில ஓடுது, ஆனா முன்ன பின்ன நகத்தினா தடுமாறுது. கம்பெனி சாஃப்ட்வேர்லயே ஏவிஐயா மாத்துற வசதி உண்டு, நான் அதத் தொடல. எஃப்எஃப்எம்பெக்னு (FFmpeg) வீடியோ மாத்துற ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு, அதோட புது வெர்ஷன் டிஏவிய நேராவே படிக்கும். ஃபைல் பேர எல்லாம் வரிசையா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, கன்கேட்னு (வரிசையா ஒட்டுன்னு) குடுத்து, கோடெக்க, அதாவது படத்தச் சுருக்கி வச்ச முறைய, மாத்தாம காப்பின்னு போட்டா படத்தோட தரம் துளி குறையாம ஒட்டிரும், நேரமும் கொஞ்சந்தான். இங்கதான் ஒரு முட்டு. எம்பி4ஆ எழுதச் சொன்னா எர்ரர் அடிச்சு நிக்குது. காரணம் சத்தம். டிவிஆர் சத்தத்த ஜி711னு டெலிபோன்காரன் முறையில வைக்குது, எம்பி4 அத ஏத்துக்காது. எம்கேவின்னு பேர மாத்தினா அப்படியே எழுதிரும். எம்பி4தான் வேணும்னா படத்த காப்பி, சத்தத்த மட்டும் ஏஏசிங்கிற முறைக்கு மாத்துன்னு குடுங்க. இது தெரியாம சத்தமே வேண்டாம்னு போட்டு மாத்தினவங்க உண்டு, வில்லுப்பாட்டுல சத்தம் இல்லாம என்னத்தப் பாக்க.

சத்தம் எப்படி இருந்துச்சுன்னா, செகண்டுக்கு 8000 சாம்பிள்தான், அதனால 4000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளது ஒண்ணும் கிடையாது. ஜால்ரா செத்துப் போச்சு, வீசுகோல் வில்லுல படுறப்ப மணி கிலுங்குறது தகரம் மாதிரி வருது. ஆனா புலவர் குரலு, இடப்பக்கம் உக்காந்து பாடுறவரு "ஆமா" போடுறது, உடுக்கு, குடத்துல விழுற அடி இதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை தெளிவா இருக்கு. ஸ்பீக்கர் குழாய் எல்லாம் ரோட்டப் பாத்து கட்டியிருந்தாவ, உண்டியல் மைக்கு அதுக்குப் பின்னாடி, அதனால ஒடயல. படிக்கப் போற பிள்ளைக்கு வார்த்தைதானே முக்கியம்.

ஒரு இடத்துல மட்டும் குழி. ராத்திரி ரெண்டு மணி வாக்குல கரண்டு போச்சு, ஜெனரேட்டர் லைட்டுக்கும் மைக் செட்டுக்கும்தான், டிவிஆருக்கு லைன் குடுக்கல. கரண்டு வந்து டிவிஆர் எந்திரிச்சு நிக்க ரெண்டு மூணு நிமிஷம், அது போச்சு. சரியா நீலி கள்ளிக்கொப்ப ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வைக்குற இடம். முதல் துண்டுல "கள்ளிக்கொப்ப ஒடிச்சாளாம்"னு கேக்குது, அடுத்த துண்டு ஆரம்பிக்கப்பவே அவ பிள்ளையோட ஊருக்குள்ள வந்துட்டா. ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டோட தொடக்கத்தையும் கடைசியையும் படத்தோட ஓரத்துல ஓடுற மணியோட ஒப்பிட்டுப் பாத்ததாலதான் இது கரண்டு போன குழி, டவுன்லோட் கோளாறு இல்லன்னு உறுதியா தெரிஞ்சுது. புலவர்கிட்ட சொன்னதுக்கு, "அந்த இடத்த நான் பேத்திக்கு நேராவே பாடிக் காட்டிக்கிடுதேன் தம்பி"ன்னுட்டாவ.

டிஏவி ஒரிஜினல அழிக்காம கமிட்டி லேப்டாப்ல ஒண்ணு, வெளி டிஸ்க்ல ஒண்ணுன்னு வச்சிருக்கோம். இது வில்லு, ஒட்டினாலும் வெட்டினாலும் கேக்க ஆள் இல்ல. திருட்டு, ஆக்சிடென்ட்னு போலீஸுக்குக் குடுக்கதா இருந்தா ஒட்டவே செய்யாதீங்க, வந்தபடியே வைங்க. 2024 ஜூலை 1ல இருந்து பழைய சாட்சியச் சட்டத்து 65பி (எலக்ட்ரானிக் சாட்சி பத்தின பிரிவு) போயி பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63வது பிரிவு வந்தாச்சு, அதுல குடுக்குற சர்டிபிகேட்ல ஹாஷ் வேல்யூவும் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எழுதணும். ஃபைல்ல கை வச்சா ஹாஷ் மாறிரும்.

புலவர் வீட்டு டிவியில பென்டிரைவப் போட்டா எம்கேவி படம் வருது சத்தம் வரல, அதனால அவியளுக்கு ஏஏசி போட்ட எம்பி4தான் குடுத்தேன், எக்ஸ்ஃபேட் பென்டிரைவ்ல. வாட்ஸ்அப்ல 2 ஜிபிக்கு மேல போகாது, ஆறரை ஜிபிய அனுப்ப வழியில்ல. ஆனா பேத்தி ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டு, "மாமா, படம் வேண்டாம், பஸ்ஸுல போறப்ப கேக்க சத்தம் மட்டும் தாங்க"ன்னு கேட்டா. மணிக்கணக்குல எம்பி3யா பிரிச்சேன், எல்லாம் சேத்து 200 எம்பி கூட வரல, அது வாட்ஸ்அப்லயே போயிட்டு.