55ஆம் நாள்

மதுரையில் ஒன்பது வருடம் எம்.சி.ஓ.பி. என்கிற வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் எனக்குச் சோறு போட்டன. சாலை விபத்தில் கை கால் போனவர்கள், ஆளையே பறிகொடுத்த குடும்பங்கள். கட்சிக்காரர் எதிரே உட்காரும்போதே மனசுக்குள் கணக்கு ஓடும். 2009இல் சரளா வர்மா வழக்கில் இழப்பீட்டைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் தந்த பட்டியல் எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. செத்துப்போனவருக்கு வயது 15 முதல் 25 என்றால் வருட வருமான இழப்பை 18ஆல் பெருக்கு. 36 முதல் 40 என்றால் 15. 65 தாண்டினால் 5.

டொராண்டோ வந்ததும் அந்த வாய்ப்பாடும் போச்சு, வக்கீல் என்ற பெயரும் போச்சு. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களின் பட்டத்தை என்.சி.ஏ. என்ற குழு பார்த்து, என்னென்ன தாள் எழுத வேண்டும் என்று சொல்லும். எனக்கு ஏழு. கனடா அரசியலமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல், தொழில் நெறி என்று நீண்டது. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனால் புரட்டித் தேட நேரம் இருக்காது. பகலில் கிடங்கு வேலை, பிள்ளைகள் தூங்கியபின் படிப்பு. அதை முடித்தாலும் ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் இரண்டு தேர்வு, ஒரு வக்கீலிடம் மாதக்கணக்கில் பயிற்சி. நான் இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். இப்போது ஸ்கார்பரோவில் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் கிளார்க்.

ஆரம்பத்தில் ஒட்டவே ஒட்டாதது கட்டணம். வழக்கு ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அப்படிப் பேசுகிறவர்களை நாங்கள் மரியாதையாக நினைத்ததில்லை. இங்கே 2002இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது, 2004இல் விதிமுறையும் வந்தது. டாக்ஸி ஓட்டி முதுகெலும்பு அடிபட்டவர் முன்பணம் இல்லாமல் வழக்குப் போடுவதைப் பார்த்தபின்தான் என் எண்ணம் மாறியது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது நாள் கணக்கு. ஊரில் 1994க்குப் பிறகு விபத்து மனுவுக்குக் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. மூன்று வருடம் கழித்து வந்தாலும் ஃபைல் போடுவோம். 2022 ஏப்ரலில்தான் ஆறு மாதம் என்று ஆனது. இங்கே வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம் உண்டு. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நகராட்சி நடைபாதையில் விழுந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ வழுக்கினால் 60 நாள். 2021 ஜனவரி 29 முதல் இதுதான் சட்டம். நியாயமான காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். ஆனால் சட்டம் தெரியாது என்பதை மட்டும் நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

போன மார்ச் 7 அன்று யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். ஜனவரி 11 காலை, தன் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டு பிரித்துவிட்டார்கள், விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. "நான்தானே பாத்து நடந்திருக்க வேணும், பிள்ளை. ஆரைக் குறை சொல்லுறது?" என்றார். வழக்கென்று வரவே இல்லை. மருந்துச் செலவுக்கு ஏதாவது படிவம் உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தார். நான் காலண்டரை எடுத்து விரல்விட்டு எண்ணினேன். 55.

"அம்மா, எத்தனை மணிக்கு விழுந்தீங்க? எந்தக் கதவுக்குப் பக்கத்துல?" ஏழரை மணி பஸ்ஸுக்குப் போகும்போது, குப்பைத் தொட்டிப் பக்கம், கூரைத் தண்ணீர் குழாயிலிருந்து வழிந்து உறைகிற இடத்தில். எதிர்த்தரப்பு வக்கீல் அசைக்க முடியாத பதில் அது. தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதினேன். கட்டட உரிமையாளருக்கு ஒரு அறிவிப்பு, பனி அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு ஒன்று. எங்கள் வக்கீல் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

மருந்துக் கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டருக்கு அந்த அம்மாவும் கூடவே வந்தார். பதிவுத் தபால் ரசீதை இடது கையால் வாங்கி, நான்காய் மடிக்க வராமல், என்னிடமே நீட்டினார். மடித்து அவர் பர்ஸில் வைத்தேன்.