சாமி என்று கூப்பிட்ட நாட்கள்

கார்த்திகை முதல் தேதி காலை ஷிஃப்டுக்கு வருகிறவர்களில் ஏழெட்டுப் பேரைக் கேட்டில் சட்டென்று அடையாளம் தெரியாது. கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவனை அன்றிலிருந்து "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 19 வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். பக்தி ஒரு மனுஷனை வேலையில் என்ன செய்கிறது என்பதை அங்கேதான் கண்கூடாகப் பார்த்தேன்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்குத் துளை கடையும் லேத்தில் ஒருவர் இருந்தார். பத்து பீஸுக்கு ஒரு முறை துளையை அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அவர் அளப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரே மூச்சில், ஒரே சாய்வில் 19.01, 19.01, 19.02 என்று மேலிருந்து கீழே எழுதிவிடுவார். பலமுறை சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை மெமோவும் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வருடம் அவர் கன்னிச்சாமி. மாலை போட்ட நாலைந்து நாளில் ரிஜிஸ்டரைப் புரட்டினால், எண்கள் முன்னே பின்னே இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும், கடையும்போது ஊற்றுகிற கூலன்ட் பட்ட விரல் ரேகை. அளந்த கையோடு எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் அவரே என் மேஜைக்கு வந்தார்.

"சாமி, நேத்து பெட்டியில மூணு பீஸ் அளவு மீறிப் போச்சுங்க. டூல் தேஞ்சிருந்ததைக் கவனிக்கலை. அப்படியே போட்டுட்டேன். மாலை போட்டுட்டுப் பொய் எழுதக் கை வரமாட்டேங்குது."

இருநூறு பீஸையும் தரையில் கொட்டி, ரெண்டு பேரும் உட்கார்ந்து அளந்தோம். மூன்றும் கிடைத்தது.

ஐயப்பன் மேல் உள்ள பயம் என்றுதான் அப்போது நினைத்தேன். 41 நாள் விரதத்தில் குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, திங்கட்கிழமை லீவு கிடையாது. எல்லாம் பயத்தால்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பயம் மட்டும் என்றால் தை மாதத்திலும் அது இருக்க வேண்டுமே? அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. அந்த நாட்களில் மாறுவது அவர்கள் மட்டுமில்லை, நாங்களும்தான். மாலை போட்டவர் முன்னால் யாரும் கத்துவதில்லை. கழிவு அள்ளுகிற ஹெல்பர் பையனைக்கூட மேனேஜர் "வாங்க சாமி" என்கிறார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மரியாதையோடு கூப்பிடப்படுகிறவன், அந்த மரியாதைக்குத் தக்கபடி நிமிர்ந்து நிற்கிறான். என் அனுபவத்தில் இதில் பாதி சாமியின் வேலை, பாதி "சாமி" என்ற அந்தச் சொல்லின் வேலை.

அந்தத் தையிலிருந்து என் ஷிஃப்டில் எல்லோரையும் "ங்க" போட்டே பேச ஆரம்பித்தேன். எல்லாம் அப்படியே நின்றுவிடவில்லை. மாசியில் அவருடைய ரிஜிஸ்டரில் மறுபடியும் அந்த ஒரே சாய்வு தெரிந்தது. ஆனால் தப்பு நடந்தால் வந்து சொல்லும் பழக்கம் அவரிடம் தங்கிவிட்டது.

பக்தியும் மெஷினும் மோதிய நாளும் உண்டு. இன்னொரு சாமி குனிந்து ஜாபைப் பார்க்கும்போது, கழுத்து மாலை, ஜாபைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்த சக்கில் மாட்டியது. கயிறு பழசு, உடனே அறுந்தது. துளசி மணிகள் இரும்புச் சீவலோடு கூலன்ட் தட்டில் சிதறிக் கிடந்தன. கழுத்தில் நூல் கிழித்தது போல ஒரு சிவப்புக் கோடு. கம்பியில் கோர்த்த மாலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் உடம்பு பதறுகிறது. ஓடும் மெஷினில் கை வைக்கிறவர் உடம்பை ஒட்டிய உடைதான் போட வேண்டும் என்று அப்போதிருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் விரதம் இருப்பவரிடம் சட்டத்தை நீட்டினால் மனசுதான் புண்படும். அவர்களுடைய குருசாமியைப் போய்ப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தைங்கிறது மலையில. பட்டறையில ஷூ போடுங்க, மாலையைப் பனியனுக்குள்ள விடுங்க. கேட்டைத் தாண்டினதும் ஷூவைக் கழட்டிக்குங்க" என்றார். தோல் வேண்டாம் என்றவர்களுக்கு, முன்பக்கம் இரும்பு வைத்த பிவிசி கம்பூட் வாங்கிக் கொடுத்தோம். அதற்கப்புறம் இந்த விஷயத்தில் ஒரு சச்சரவும் வந்ததில்லை.

ரம்ஜானுக்கும் இப்படித்தான், உட்கார்ந்து பேசினால் வழி கிடைத்தது. 2022-ல் நோன்பு ஏப்ரல் மாதம் முழுக்க வந்தது. வெளியே கோடை, உள்ளே கொதிக்கிற இரும்பு. உலை பார்க்கிற பாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பார். அந்த மாதம் அவருக்குக் காலை ஆறு மணி ஷிஃப்டையே தொடர்ந்து போட்டோம். மதிய ஷிஃப்டை மாற்றி எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் போன கார்த்திகையில் மாலை போட்டவர்கள். அவர்கள் மலைக்குப் போன வாரத்தில் பாய் டபுள் ஷிஃப்ட் பார்த்திருந்தார், அதுதான் காரணம்.

நான் தவறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆயுத பூஜை பெரிசாக நடக்கும். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். டிரில்லிங் மெஷினில் ஒரு தம்பி, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். பூஜைக்கு முந்தின நாள் மண்ணெண்ணெயும் வேஸ்ட் பஞ்சும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும் விட நன்றாக மெஷினைத் துடைப்பார். பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்தால் மட்டும், "வேண்டாங்கண்ணா" என்று கைகூப்பி ஒதுங்கிவிடுவார். திமிர் என்று சிலர் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மாத ஓவர்டைம் பட்டியலில் மூன்று வாரம் அவர் பெயர் வரவில்லை. பட்டியல் போடுகிறவன் நான்தான். வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல மாட்டேன், தெரியாமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. அளவில் ஒரு நாளும் தப்பு விடாத ஆள் அவர்.

ஒரு சனிக்கிழமை வந்து கேட்டார். "பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணுங்கண்ணா. என் வேலையில ஏதாச்சும் குறையா?"

குறை என் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே பட்டியலைத் திருத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் நின்றிருந்தார். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பதுதான் அவர் நம்பிக்கை, பொரி மேலோ எங்கள் மேலோ அவருக்குக் கோபம் இல்லை என்பதை அன்று டீ குடிக்கும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் பூஜை ஆரம்பிக்கும் முன்பே ஒரு பை பொரியும் ரெண்டு வாழைப்பழமும் தனியாக எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் கூப்பிட்டுக் கொடுத்தேன். பையைப் பார்த்தார்.

"படைச்சதுங்களாண்ணா?"

"இல்லீங்க தம்பி. காலையிலயே எடுத்து வெச்சது."

அங்கேயே நின்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மீதியைப் பாப்பாவுக்கு என்று டிபன் பாக்ஸில் கொட்டி மூடினார்.