அச்சு யார் பெயரில் இருக்கிறது? ஒரு சின்னக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த அனுபவம்

எங்கள் பிளாஸ்டிக் கருவியை வார்க்கும் எஃகு அச்சு, அதைத் தர மறுத்த தொழிற்சாலையிடமிருந்து கடைசியில் எங்கள் கைக்கு வந்துவிட்டது. வேறொரு தொழிற்சாலையில் மெஷினில் ஏற்றி, நல்ல பீஸ்களும் வர ஆரம்பித்துவிட்டன. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

பொருள் சின்னதுதான். மாத்திரை ஸ்ட்ரிப்பிலிருந்து ஒரே கையால் மாத்திரையைத் தள்ளி எடுக்கும் கருவி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன என் பெரியம்மாவுக்காக யோசித்தது. மேஜை விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஸ்ட்ரிப்பைத் தட்டில் செருகி, மேலே உள்ளங்கையால் அழுத்தினால் மாத்திரை கீழே கிண்ணத்தில் விழும். யோசனை, கையால் செய்த மாதிரி, த்ரீடி பிரிண்ட் எடுத்து நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்தது எல்லாம் சுலபமாகவே போனது. அதற்குப் பிறகு பட்ட பாடு எல்லாம் ஒரே ரகம். எனக்குச் சொந்தமான ஏதோ ஒன்று இன்னொருவர் கையில் இருக்கும். அது என்னுடையது என்று காட்டுவதற்கான தாள் இருக்காது.

இதே யோசனைக்கு முன்பே யாராவது காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கியிருக்கிறார்களா என்று தேடியதிலிருந்து தொடங்குகிறேன். காப்புரிமைகளைத் தேடும் இணையதளங்களான எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். ஆனால் சொற்களை மட்டும் தட்டித் தேடினால் பாதிகூட அகப்படாது. காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் வகைப்பாட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். மாத்திரை சம்பந்தப்பட்டது என்பதால் ஏ61ஜே பிரிவில் தேடினேன். அங்கே பயமுறுத்தும்படி எதுவும் இல்லை. என் யோசனைக்கு ரொம்ப நெருக்கமான ஒன்று பி65பி 69-இல் கிடைத்தது. அது பொதிக்குள் இருக்கும் பொருளை வெளியே எடுக்கும் சாதனங்களுக்கான பிரிவு. மருந்தை நினைத்துக்கொண்டு தேடுகிறவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

அதைப் பார்த்ததும் அன்றைக்கு மனசு உடைந்துபோனது. நிதானமாகப் படித்தபோது, அது விண்ணப்பித்து 20 ஆண்டுகள் கடந்து காலாவதியான காப்புரிமை என்று தெரிந்தது. அதில் சொல்லியிருப்பதை இப்போது யார் வேண்டுமானாலும் செய்யலாம். யாரும் அதற்கு மறுபடி காப்புரிமை கேட்க முடியாது. ஆக, என்னிடம் புதிதாக இருப்பது எது என்று சலித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஸ்ட்ரிப்பில் மாத்திரை இருக்கும் குழிகளின் இடைவெளிக்கு ஏற்ப நகர்ந்து, க்ளிக் க்ளிக்கென்று நின்று பூட்டிக்கொள்ளும் தட்டு. அது மட்டும்தான் மிஞ்சியது. அதற்கு மட்டும் நான் கேட்கக்கூடிய உரிமைக் கோரிக்கை குறுகியது, ஆனால் உறுதியானது. இதை, விண்ணப்பத்தைப் பதிந்து தரும் காப்புரிமை முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொண்டதில் எனக்குப் பெரிய திருப்தி. இன்னொன்று: விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். எவ்வளவு தேடினாலும் அண்மைக் காலத்தில் பதிவானவை கண்ணில் படாது.

இந்தக் கட்டத்தில்தான் 'உங்கள் கண்டுபிடிப்பை நாங்கள் சந்தைக்குக் கொண்டுபோகிறோம்' என்று ஒரு நிறுவனம் விடாமல் அழைத்தது. என் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே 'பிரமாதம், பெரிய வாய்ப்பு' என்றார்கள். மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒரு தொகை, அடுத்த கட்டத்துக்கு ஒரு தொகை என்று முன்பணமாகவே கேட்டார்கள். அமெரிக்காவில் 1999-இல் வந்த கண்டுபிடிப்பாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே சில கணக்குகளை எழுத்தில் தர வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை யோசனைகளை மதிப்பிட்டார்கள், அவற்றில் எத்தனைக்குச் சாதகமான பதில் சொன்னார்கள், எத்தனை வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்துக்கு மேல் சம்பாதித்தார்கள், எத்தனை பேருக்கு உரிம ஒப்பந்தம் கிடைத்தது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் இதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான் கேட்டேன். 'அதெல்லாம் ரகசியம்' என்றார்கள். அத்தோடு அழைப்பும் நின்றது.

இதற்கு நடுவே ஒரு கண்காட்சியில் வைக்கச் சொல்லி நண்பர்கள் நெருக்கினார்கள். விண்ணப்பம் பதிவாகும் வரை முடியாது என்று மறுத்துவிட்டேன். நீங்களும் மறுத்துவிடுங்கள். நாமே வெளியிட்டாலும் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க அமெரிக்காவில் இடம் உண்டு. ஐரோப்பாவில் ஏறக்குறைய அந்தச் சலுகையே கிடையாது. ஒரு வீடியோ போட்டாலே புதுமை போய்விடும், காப்புரிமையும் கிடைக்காது.

இனி வடிவமைப்பாளர் கதை. கையால் செய்த மாதிரியைக் கணினியில் வரைந்து கொடுக்க ஒருவரைப் பிடித்தோம். திறமைசாலி, அதில் குறை சொல்ல மாட்டேன். தட்டின் க்ளிக் பூட்டைப் பற்களாக அமைக்கலாம் என்று சொன்னதே அவர்தான். பேசிய பணம் முழுவதும் வாங்கிக்கொண்டு கடைசியில் எஸ்டிஎல் ஃபைலை மட்டும் அனுப்பினார். த்ரீடி பிரிண்டுக்கு அது போதும். அச்சு செய்கிறவர்களுக்குப் போதாது. எஸ்டிஎல் என்பது மேற்பரப்பை முக்கோணங்களாக உடைத்து வைத்திருக்கும் வெறும் வலை. துல்லியமான வளைவும் அளவும் ஸ்டெப் ஃபைலில்தான் இருக்கும். பிறகு திருத்த வேண்டுமென்றால் அவர் வரைந்த மூல ஃபைலே வேண்டும். கேட்டால், "சார், பார்ட் டிசைன் தரேன்னுதான் பேசினோம். சோர்ஸ் ஃபைலுக்குத் தனி ரேட்" என்றார். வேலையை ஒப்படைக்கும்போதே 'ஸ்டெப், மூல ஃபைல், அளவுகள் போட்ட வரைபடம் மூன்றும் சேர்த்துத்தான் இந்தத் தொகை' என்று எழுதி வாங்குங்கள். காசு கொடுத்ததாலேயே வரைபடம் நம்முடையது ஆகிவிடாது. எழுத்தில் உரிமை மாற்றம் இல்லையென்றால், வெளியாள் வரைந்து கொடுத்தது அவருடையதாகவே இருக்கும் என்பதுதான் பல நாடுகளின் சட்டம்.

அது காப்புரிமையிலும் வந்து இடித்தது. க்ளிக் பூட்டின் பல் அமைப்பை யோசித்தவர் அவர் என்பதால், அவரும் கண்டுபிடிப்பாளர். தன் உரிமையை எனக்கு மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகக் கெஞ்சாத குறை. மூல ஃபைலுக்கு அவர் கேட்ட தொகையையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஸ்கேன் செய்து அனுப்பினார். ஸ்கேன் போதுமா என்று முகவர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "போதும், வாங்க" என்றார் அங்கிருந்த ஊழியர். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றால் அதே ஆள், "ஒரிஜினல் இல்லாம ஃபைலை உள்ளே எடுக்க மாட்டேன்" என்கிறார். போனில் சொன்னீர்களே என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு முகவரையே நேரில் பிடித்தபோது அவர் சொன்னது வேறு: எங்கள் விண்ணப்பத்தை உடனே பதிந்து தேதியை வாங்கிவிடலாம், கையெழுத்துத் தாளைப் பின்னால் சேர்க்கலாம். அன்று சாயங்காலமே பதிவாகிவிட்டது. வாசலில் இருப்பவர் மறுத்தால் முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இந்த விஷயத்தில் தேதிதான் உயிர். 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் மற்ற நாடுகளில் அதே தேதியைக் கோரலாம். பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போடும் பிசிடி வழியாகப் போனால் நாடுகளுக்குள் நுழைய பொதுவாக 30 மாதம் வரை அவகாசம் உண்டு. வெளிப்புறத் தோற்றத்துக்கான டிசைன் பதிவுக்கு ஆறே மாதம்தான்; இதைப் பலரும் 12 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அச்சு. பிரிண்டில் அழகாக வந்த வடிவம், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்கு அப்படியே ஒத்துவராது. எங்கள் கவ்வியின் அடிப்பாகம் கெட்டியாக இருந்தது; அப்படியே வார்த்தால் உள்ளே மெதுவாக ஆறி மேலே குழி விழும். நாங்கள் எடுத்துக்கொண்ட ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் சுவர் சுமார் 1.2 முதல் 3.5 மில்லிமீட்டருக்குள், எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். வலுவுக்குக் கொடுக்கும் விலா, அதாவது மெல்லிய தாங்குபட்டை, சுவரின் கனத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அச்சிலிருந்து பீஸ் கழன்று வர, செங்குத்துச் சுவர்களுக்கு ஒன்று இரண்டு டிகிரி சரிவு வேண்டும். இதையெல்லாம் எஃகை வெட்டுவதற்கு முன்பே அச்சு செய்பவரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். அந்தத் தொழிற்சாலை எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

முதல் சாம்பிள் எடுக்கும் நாளில் நேரில் போனேன். ராத்திரி முழுக்கப் பயணம். மேஜையில் பீஸ்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கையில் எடுத்ததுமே இடறியது. ஏபிஎஸ்ஸுக்கு உள்ள இறுக்கம் இல்லை, மெழுகு தடவியதுபோல் வழுக்கியது. தட்டில் ஸ்ட்ரிப்பைச் செருகினேன், போகவில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அகலத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைச்சல். ஓரமும் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. என்ன மெட்டீரியல் என்று கேட்டேன். "பிபி சார். ஏபிஎஸ் தீர்ந்துபோச்சு. சாம்பிள்தானே, எதுல அடிச்சா என்ன?" என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர்.

எதில் அடித்தால் என்ன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஏபிஎஸ் ஆறும்போது சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். பிபி என்ற பாலிப்ரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் அச்சையே வெட்டுகிறார்கள். ஒன்றுக்கு வெட்டிய அச்சில் இன்னொன்றை ஊற்றிப் பார்த்து அச்சு சரியா தவறா என்று சொல்லவே முடியாது. மெட்டீரியல் வர இன்னும் சில நாள் ஆகும் என்றார்கள். வந்த வழியே திரும்பினேன். நீங்கள் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் மெஷினின் ஹாப்பரில் (மெட்டீரியல் கொட்டும் தொட்டியில்) கொட்டப்போகும் மூட்டையின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

அதன் பிறகும் ஒவ்வொரு லாட்டிலும் ஏதாவது பிசகு. வேறு இடத்தில் வார்த்துக்கொள்கிறோம், அச்சைக் கொடுங்கள் என்றோம். அப்போதுதான் அசல் முகம் தெரிந்தது. "அச்சு எங்க ப்ளான்ட்ல ஓடத்தான். வெளியே கொடுக்கிற பழக்கம் இல்லை" என்று கையை விரித்தார்கள். அச்சுக்கான பணம் முழுவதும் நாங்கள் கொடுத்தது. அந்த வாரங்களில் எனக்கு ஒழுங்காகத் தூக்கமே இல்லை.

எங்களைக் காப்பாற்றியது இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, பில். அச்சின் விலையைப் பீஸ் விலையில் கரைக்காமல் தனி வரியாகப் போடச் சொல்லியிருந்தோம்; அது அப்படியே பில்லில் இருந்தது. இரண்டு, அச்சின் பக்கவாட்டில் எங்கள் பெயரைப் பொறித்து, அதைப் படம் எடுத்து வைத்திருந்தோம். இரண்டையும் இணைத்து வக்கீல் மூலம் ஒரு கடிதம் போனதும் குரல் இறங்கியது. லாரியில் அச்சை ஏற்றிவிட்டோம் என்று தகவல் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பீஸ் விலையில் அச்சுக் காசையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சலுகையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். பிறகு அச்சு யாருடையது என்று நிரூபிக்க வழியே இருக்காது.

பேக்கிங், முதல் கடைகளில் வைத்தது இரண்டும் சுமுகமாக முடிந்தன. இரண்டு எச்சரிக்கை மட்டும். பார்கோடு எண்ணை, அதை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பிடம் உங்கள் நிறுவனப் பெயரிலேயே வாங்குங்கள். மலிவாக மறுவிற்பனைக்குக் கிடைக்கும் எண் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கும், பெரிய விற்பனைத் தளங்கள் அதைச் சரிபார்க்கின்றன. பெட்டியில் என்ன அச்சிடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 'மூட்டுவலியைக் குறைக்கும்' என்று ஒரு வரி போட, பெட்டியை வடிவமைத்த டிசைனர் ஆசைப்பட்டார். வலியைக் குறைக்கும் என்று நாமே எழுதிவிட்டால், மருத்துவச் சாதனத்துக்கான விதிகள் நம்மேல் பாயும் நாடுகள் நிறைய. 'மாத்திரையை எளிதாக எடுக்க' என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது ஒரு பெரிய நிறுவனம் உரிமம் கேட்டு வந்திருக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவு ராயல்டியாவது நிச்சயம் என்ற வரியும், குறிப்பிட்ட காலத்துக்குள் தயாரித்து விற்காவிட்டால் உரிமை எங்களிடம் திரும்பிவிடும் என்ற வரியும் வேண்டும் என்றோம். முதலாவதற்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டாம், வாய்வார்த்தையாக வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். எழுத்தில் வரும் வரை கையெழுத்துப் போடுவதாக இல்லை.