ரைட் ஃபீல்டில் நிற்பவர்கள்

ஏப்ரல் 6

மகனுக்கு இன்று பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டம். ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலப்பக்கக் கோடியில், பந்தைப் பிடிக்க நிறுத்தினார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும்போது அந்தப் பக்கம் பந்து வருவதே அபூர்வம். பேட் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வலக்கைக்காரர்கள், வாகாகச் சுற்றினால் பந்து லெஃப்ட் பக்கம்தான் பறக்கும். அதனால் கொஞ்சம் தடுமாறுகிற பையனை ரைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. காரில் ஏறியதும், "ஒரு பந்துகூட வரலப்பா" என்றான். வீடு வந்து சேரும்வரை கிளவுஸைக் கழற்றவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

ஏப்ரல் 13

டர்ஹம் புல்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மேஜர் லீக் என்கிற உச்ச நிலையில் ஆடும் டாம்பா பே ரேஸ் அணிக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ அணி. இந்த மைதானம் என்றாலே எல்லோர் கண்ணும் லெஃப்ட் ஃபீல்டில் இருக்கும் 32 அடி நீலச் சுவருக்கும் அங்கே நிற்கும் பெரிய காளைக்கும்தான் போகும். நாங்கள் ரைட் ஃபீல்டை ஒட்டி இடம் பிடித்தோம். "இன்னிக்குப் பந்தைப் பாக்காத, ரைட் ஃபீல்டுல நிக்கிறவரை மட்டும் பாரு" என்றேன்.

பந்தை எறியும் பிட்சர் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அவர் முழங்காலை மடக்கி, குதிகாலை உயர்த்தி, தரையிலிருந்து அரை அங்குலம் எழும்புகிறார். பேட்டில் படவில்லையா, நாலடி நடந்துவிட்டு மறுபடி அதே இடம். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால், இவர் அந்த பேஸுக்குப் பின்னால் ஓடிவருகிறார். எறி தப்பினால் மடக்குவதற்கு. ஒரு எறிகூடத் தப்பவில்லை, ஆனாலும் ஓடினார். மகன் விரல் விட்டு எண்ணினான்: ஒன்பது ஓட்டம். அவரைத் தேடி வந்த பந்து இரண்டு.

மே 2

டர்ஹமில் பார்த்த அந்த ரைட் ஃபீல்டருடைய சம்பளம் என்ன என்று மகன் கேட்டான். தேடிப் பார்த்தேன். 2022 வரை டிரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 17,500 டாலர். 2023இல் ஆட்டக்காரர் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தத்தில் அது 35,800 ஆனது. மேஜர் லீகில் 2024இல் குறைந்தபட்சமே 7,40,000. நடுவில் இருப்பது ஒரே ஒரு படி. மேலே ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால் இங்கே ஒருவருக்கு போன் வரும். அவர் குணமானதும் இவர் திரும்பி வரவேண்டியிருக்கும். இத்தனை காலம் அந்தச் சம்பளத்தில் ஆடவைத்தது அநியாயம், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

மே 19

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் காரில் போனால் ஃபேயட்வில். 'மூன்லைட்' கிரஹாம் என்ற அந்தக் கால ஆட்டக்காரர் பிறந்த ஊர். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக புரூக்ளினில் எட்டாவது இன்னிங்ஸில் ரைட் ஃபீல்டில் இறங்கினார். ஒன்பதாவதில் அடுத்து அவர்தான் பேட் பிடிக்க வேண்டும், அதற்குள் மூன்றாவது அவுட் விழுந்து அணியின் முறை முடிந்துவிட்டது. மேஜர் லீகில் அவர் ஆடியது அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் கீழ்ப்படிகளான மைனர் லீக். 1908 வரை ஸ்க்ரான்டனில் ஆடினார். அப்புறம் மினசோட்டாவின் சிஷம் என்ற சுரங்க ஊருக்குப் போய், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டராக இருந்தார்.

அவர் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் பேட் பிடிக்காததை நினைத்துத்தான் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு இன்னிங்ஸ்தான் கண்ணில் நிற்கிறது. அங்கே நின்றபோது ஒவ்வொரு பந்துக்கும் அவரும் குதிகாலைத் தூக்கியிருப்பார்.

மகனிடம் சொன்னேன். "அவர் கிட்டயும் பந்து வரலியாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

ஜூன் 8

கடைசி ஆட்டம். மறுபடி ரைட் ஃபீல்ட். நாலாவது இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் எறிந்த பந்து முதல் பேஸ்காரன் தலைக்கு மேல் போனது. அடித்த பையன் இரண்டாவது பேஸை நோக்கித் திரும்பிவிட்டான். வேலி ஓரமாக என் மகன் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தான். இந்த சீசன் முழுக்க யாரும் கவனிக்காமல் அவன் ஓடிய அதே ஓட்டம். பந்து ஒரு முறை தரையில் பட்டு கிளவுஸில் விழுந்தது. எடுத்து எறிந்தான். அந்தப் பையன் பாதியிலேயே நின்று முதல் பேஸுக்குத் திரும்பினான்.

இவன் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு நடந்து போய், முழங்காலை மடக்கினான்.