மூன்று ‘ஆர்ஏ’வும் ஒரு விடைத்தாள் நகலும்

2019 தொடக்கத்தில் மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். எம் த்ரீ என்ற மூன்றாம் கணிதத் தாள், தெர்மோ என்ற வெப்ப இயக்கவியல், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் என்ற பாய்ம இயக்கவியல், மூன்றுக்கும் நேராக ‘ஆர்ஏ’. மறுபடி எழுத வேண்டும் என்று பொருள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் சேர்ந்தவன். பிளஸ் டூ கணக்கில் 200க்கு 180க்கு மேல் வாங்கியிருந்தேன். அந்த நானா இது என்று அன்றிரவு படுத்துக்கிடந்தேன். அடுத்த மூன்று நாள் மெஸ்ஸுக்குக்கூடப் போகவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அறை நண்பன்தான் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, 104 என்ற அரசு உதவி எண்ணுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தான். எதிர்முனையில் பேசிய ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டார். “இதை வீட்டில் யாரிடம் முதலில் சொல்ல முடியும்?” என்று கேட்டார். அக்காவிடம் என்றேன். இப்போது மனநல உதவிக்கென்றே 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அன்று என்னை எழுந்து உட்கார வைத்தது அந்த அழைப்புதான்.

அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. விடைத்தாள் நகலுக்கு அப்போது ஒரு பேப்பருக்கு 300 ரூபாய், விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம். “எதுக்குடா 900 ரூபாய்?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ படிப்பை விட்டுடாத தம்பி” என்றாள். சாயங்காலம் பணம் வந்தது.

நகல் கேட்பதே மறுமதிப்பீட்டுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும் என்பது உண்மை. ஆனால் எனக்கு அது பயன்பட்டது வேறு விதத்தில். தெர்மோ நகலை எடுத்துக்கொண்டு எங்கள் துறையில் ஒரு சாரைப் பார்க்கப் போனேன். எனக்கு வகுப்பு எடுத்தவர் இல்லை, வேறு செக்‌ஷனுக்கு எடுப்பவர். வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அவர் முழு விடைத்தாளையும் படித்தார். டர்பைன் கணக்கு ஒன்றில் 13க்கு 3 போட்டிருந்தார்கள். நீராவியின் என்தால்பி, அதாவது அதிலுள்ள வெப்ப ஆற்றலின் ஓர் அளவு, கிலோவுக்கு 3000 கிலோ ஜூல், வேகம் நொடிக்கு 100 மீட்டர். ஒரு கிலோவின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் பாதி, அதாவது 5000. நான் 3000த்தோடு 5000த்தை அப்படியே கூட்டியிருந்தேன். “இந்த 5000 எதுலப்பா இருக்கு?” என்றார். யோசித்தேன். ஜூலில் இருக்கிறது. ஆயிரத்தால் வகுத்தால் வெறும் 5 கிலோ ஜூல். ஃபார்முலா சரி, படம் சரி, அந்த ஒரு வகுத்தல்தான் இல்லை. இதே தவறு இன்னொரு கணக்கிலும் இருந்தது. நீராவியின் பண்புகளைத் தரும் அட்டவணையான ஸ்டீம் டேபிளில் இரண்டு அழுத்தங்களுக்கு நடுவில் வரும் மதிப்பை எடுக்கவும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

“மறுமதிப்பீடு போடாத, மார்க் சரியாத்தான் போட்டிருக்காங்க. வாரம் ரெண்டு நாள் நாலரை மணிக்கு வா” என்றார். பாடம் தெரியாதவன் என்றே என்னைப் பற்றி நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாதது எது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால், அது விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தது. முதல் செமஸ்டரிலேயே இப்படி ஒருவரிடம் போயிருக்கலாமே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

ஃப்ளூயிடுக்கு ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணா உதவினார். இரண்டு மார்க் கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். முதலில் தமிழில் சொல்லச் சொல்வார், பிறகு அதையே நாலு சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதச் சொல்வார்.

ஏப்ரல், மே தேர்வில் நான்காம் செமஸ்டர் பேப்பர் ஆறு, தேறாமல் நின்ற அரியர் மூன்று, ஆக ஒன்பது. இதில் தெர்மல் இன்ஜினியரிங் தெர்மோவின் மேலேயே கட்டப்பட்ட பாடம், அதனால் அரியருக்குப் படித்தது அதற்கும் சேர்ந்து உதவியது. அரியரைத் தனியாக ஒதுக்கி வைக்காதீர்கள் என்று நான் ஜூனியர்களிடம் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். தெர்மோவும் ஃப்ளூயிடும் தேறின. எம் த்ரீ மறுபடியும் போனது.

இந்த முறை மெஸ்ஸுக்குப் போனேன். அன்றைக்கே அக்காவிடமும் சொன்னேன். எம் த்ரீ நகலையும் வாங்கிப் பார்த்ததில், ஃபூரியர் தொடரில் சார்பு ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் சில கெழுக்கள் சுழி என்று தெரிந்துவிடும், அதைப் பார்க்காமலே எல்லாக் கெழுக்களையும் கணக்கிட்டு நேரத்தைத் தொலைத்திருந்தது தெரிந்தது. அதே தாளின் இன்னொரு பகுதியான இசட் டிரான்ஸ்ஃபார்முக்குப் போகும்போது அரை மணி நேரம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. அடுத்த ஐந்து மாதம் பழைய கேள்வித்தாள்களை மூன்று மணி நேரக் கணக்கு வைத்து எழுதிப் பார்த்தேன். நவம்பர், டிசம்பர் தேர்வில் ‘பி’ கிரேடு வந்தது.

இறுதியாண்டில் வேலைக்கு ஆள் எடுக்க வந்த சில கம்பெனிகள் அரியர் வைத்திருந்தாலே வேண்டாம் என்றன. சில கம்பெனிகள் நிலுவையில் எதுவும் இல்லாவிட்டால் போதும் என்றன. எனக்கு வேலை கொடுத்த கம்பெனியின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இதுவரை வைத்த அரியர் என்பதில் 3 என்றும், இப்போது நிலுவை என்பதில் 0 என்றும் எழுதினேன்.